டைப் 1 சுகர் உள்ள பிள்ளையை நண்பர்களோடு வெளியே அனுப்புவது எப்படி

மதுரையில் ஒரு மருத்துவமனையில் நீரிழிவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஊசி போடும் முறை, சாப்பாட்டு அளவு, சுகர் இறங்கினால் என்ன செய்வது என்று டைப் 1 பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. டைப் 1 என்றால் உடம்பில் இன்சுலின் சுரக்காது, அதை ஊசியாகப் போட்டாக வேண்டும். எனக்கும் அதுதான். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது வந்தது. அதனால் பிள்ளைகள் என்னிடம் கொஞ்சம் மனம்விட்டுப் பேசுவார்கள். அம்மா அப்பா அறையை விட்டு வெளியே போனதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் நோயைப் பற்றியதாக இருக்காது. "அக்கா, ஸ்கூல்ல டூர் போறாங்க, நானும் போகலாமா?" "அக்கா, ஃபிரண்டு வீட்ல நைட் தங்கலாமா?" இப்படித்தான் இருக்கும்.

போகலாம், தங்கலாம். அதற்கு வீட்டில் என்னென்ன பழக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இது. மருந்தின் அளவை மட்டும் உங்கள் மருத்துவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுகர் நன்றாகக் கட்டுக்குள் வந்த பிறகுதான் நண்பர்கள், விளையாட்டு எல்லாம் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளியில் பதினோரு மணிக்குப் பிள்ளைக்குச் சுகர் இறங்கினால் பக்கத்து பெஞ்சில் இருப்பது நீங்கள் அல்ல, அந்த நண்பன்தான். நட்பும் வைத்தியத்தில் ஒரு பகுதி. இன்சுலினைப் போலவே அதற்கும் இடம் கொடுக்க வேண்டும்.

வேலைகளை ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள்

பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு இன்னமும் அம்மாவே ஊசி போடும் வீடும் உண்டு. பதின்மூன்று வயது முடிந்ததும் "பெரியவனாயிட்டான், அவனே பார்த்துக்குவான்" என்று ஒரே நாளில் கைகழுவிவிடும் வீடும் உண்டு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் அதிக ஆபத்து. ஊசி போடத் தெரிந்த பிள்ளை ஊசியை மறக்காது என்று அர்த்தமில்லை. பரீட்சை, காதல், சண்டை, செல்போன் என்று மனசு எங்கெங்கோ ஓடும் வயது அது.

அதனால் ஒரு வேலையைக் கொடுங்கள், அது கைக்குப் பழகும்வரை பக்கத்தில் இருங்கள், அப்புறம் அடுத்ததைக் கொடுங்கள். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதில் தொடங்கலாம். அடுத்து, தட்டில் இருப்பதைப் பார்த்து எத்தனை யூனிட் இன்சுலின் வேண்டும் என்று பிள்ளையே கணக்குப் போட்டு வாய்விட்டுச் சொல்லட்டும். நீங்கள் சரியா என்று மட்டும் பாருங்கள். அதன்பின் ஊசி போடுவது, வயிறு, தொடை என்று இடத்தை மாற்றி மாற்றிப் போடுவது. ஒரே இடத்தில் போட்டால் அங்கே தோலுக்கடியில் கட்டி மாதிரி தடித்துப்போகும். இன்சுலின் சரியாக உடம்பில் சேராது. வலிக்காத இடம் என்று பிள்ளைகள் அதிலேயே போடுவார்கள். மாதம் ஒருமுறை நீங்களே தடவிப் பாருங்கள்.

இரவில் போடும் நீண்டநேர இன்சுலினை மட்டும் கடைசியாக ஒப்படையுங்கள். பகலில் ஒரு ஊசி தவறினால் அடுத்த வேளையில் தெரிந்துவிடும். இந்த ஊசி தவறினால் காலையில் சுகர் எங்கோ போய் நிற்கும். தொடர்ந்து தவறினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவது என்று ஐசியு வரை கொண்டுபோய்விடும். பதினாறு வயதுப் பையனாக இருந்தாலும் இரவு ஊசி போடும்போது அம்மாவோ அப்பாவோ அதே அறையில் இருப்பது நல்லது. கண்காணிக்க வேண்டாம், துணிமணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும்.

மருந்துக்கடைக்கு அனுப்புவதும் இந்த ஒப்படைப்பில் வரும். அதற்கு முன் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டில் இன்சுலின் பாட்டில் இரண்டு வகையில் கிடைக்கிறது: ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது, 100 யூனிட் உள்ளது. சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ போய்விடும். நான் இரண்டு சிரிஞ்சையும் மேஜையில் வைத்து, "உன் பாட்டில்ல என்ன எழுதியிருக்கு? அதுக்கு எந்த மூடி?" என்று கேட்பேன். பிள்ளை தயங்காமல் எடுத்துக்காட்டும்வரை கடைக்கு அனுப்ப வேண்டாம் என்பேன். பேனா ஊசி பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. ஆனால் பேனா உடைந்த நாளில் சிரிஞ்சைத்தான் தேட வேண்டிவரும், அதனால் அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

டாக்டரிடம் பேசும் வேலையும் மெல்ல மெல்ல பிள்ளையிடம் போக வேண்டும். போன மாதம் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். "எத்தனை தடவை சுகர் பார்க்கிற?" என்று அவளைக் கேட்டேன், அம்மா பதில் சொன்னார். "ஸ்கூல்ல எங்க வச்சு ஊசி போடுற?" அதற்கும் அம்மா. அந்தப் பெண் தன் பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, பள்ளியில் கழிவறைக்குள் போய் ஊசி போடுகிறாள், அங்கே தண்ணீர் வராத நாளில் மதிய ஊசியையே விட்டுவிடுகிறாள். அம்மாவுக்கு இது தெரியாது. கொஞ்ச நேரமாவது பிள்ளை தனியாக டாக்டரிடமோ நர்ஸிடமோ பேச விடுங்கள். அங்கே போகுமுன் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளையே எழுதி எடுத்துவரட்டும்.

எண்ணைப் பார்த்துத் திட்டாதீர்கள்

பள்ளி விட்டு வந்ததும் வாசலிலேயே "சுகர் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். செருப்பைக் கழற்றட்டும். இன்றைக்கு யார் யாரோடு சண்டை, பி.டி. பீரியடில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பிள்ளையே தன்னால் வந்து சுகர் மீட்டரைக் காட்டும்.

250, 300 என்று பார்க்கும்போது வயிற்றைக் கலக்கும், எனக்குத் தெரியும். ஆனால் வளரும் வயதில் உடம்பு சுரக்கும் ஹார்மோன்களே இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். முன்பு போட்ட அளவு அப்போது போதாது. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பலருக்கும் ஏறும். ஒளித்து எதையும் தின்னாமலேயே இப்படி நடக்கும். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த வாரம் நோட்டில் 120, 130, 115 என்று அழகாக எழுதிக்கொண்டு வரும். மீட்டரின் மெமரியைத் திறந்தால் அந்த நாட்களில் ஒரு பதிவும் இருக்காது. அந்த நோட்டை வைத்து டாக்டர் அளவை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண் எதுவாக இருந்தாலும் "சரி, இப்போ என்ன பண்ணலாம்?" என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்று, மீட்டரில் சொருகிச் சுகர் பார்க்கும் ஸ்டிரிப்பின் விலை. அப்பாவின் சம்பளம் தெரிந்த பிள்ளை, ஸ்டிரிப்பை மிச்சம் பிடிப்பதற்காகவே சுகர் பார்க்காமல் இருக்கும். இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "காசு எங்க கவலை, நீ பார்க்க வேண்டிய நேரத்துக்குப் பாரு" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வசதி குறைவு என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கும், பதிவு செய்துகொள்ளுங்கள். அந்த மிச்சத்தில் ஸ்டிரிப் வாங்கலாம்.

சுகரைத் தொடர்ந்து அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் எண் இப்போது அப்பா அம்மா போனிலேயே தெரிகிறது. நல்ல வசதிதான். ஆனால் நண்பர்களோடு இருக்கும்போது பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் அடித்தால் பிள்ளை சென்சாரையே பிடுங்கிப் போடும். 70க்குக் கீழே போய், கால் மணி நேரத்தில் ஏறவில்லை என்றால் மட்டும் கூப்பிடுவேன் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பேசியபடி நடந்துகொள்ளுங்கள்.

இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்

பள்ளிக்குச் சொல்ல வேண்டாம், பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். பெண் பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம், "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன சொல்லுவாங்க" என்ற பயம் பன்னிரண்டு வயதிலேயே வந்துவிடுகிறது. பயம் புரிகிறது. ஆனால் அந்த மறைப்பின் விலையைப் பிள்ளைதான் கொடுக்கிறது. கழிவறையில் ஊசி, பிறந்தநாள் விருந்துக்கு வராததற்கு ஒரு பொய், டூருக்கு இன்னொரு பொய். பொய் சொல்லிச் சொல்லிக் கடைசியில் யாரும் கூப்பிடுவதே இல்லை.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. யாரிடம் சொல்வது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஆனால் ஆசிரியர் போக, கூடவே இருக்கும் இரண்டு நண்பர்களுக்காவது தெரிந்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒருவர் லீவு போட்டாலும் இன்னொருவர் இருப்பார்.

எப்படிச் சொல்வது என்று பிள்ளைகள் தவிப்பார்கள். நான் சொல்லித்தரும் வாசகம் இதுதான்: "எனக்கு உடம்புல இன்சுலின் சுரக்காது, அதனால ஊசி போட்டுக்கறேன். ஒட்டாது. ஸ்வீட் சாப்பிட்டு வந்ததும் இல்ல. சில நேரம் சுகர் இறங்கி ஒரு மாதிரி ஆயிடுவேன், அப்போ நீ ஒரு உதவி பண்ணணும்." அவ்வளவுதான். உதவி கேட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகள் பெருமையோடு எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் "இந்த வயசுலயே சுகரா? ரொம்ப சாக்லேட் தின்னியா?" என்று கேட்கும் உறவினருக்கும் இதில் முதல் மூன்று வரி போதும். இன்சுலினை நிறுத்திவிட்டு இந்தப் பொடியைக் கொடு என்று சொல்பவர்களிடம் மட்டும் நீங்களே முன்னால் வந்து பேசுங்கள். டைப் 1க்கு இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் போடக்கூடாது.

நண்பனுக்குச் சொல்லித்தர வேண்டியதை ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு, டிபன் கொடுத்து, நீங்களே சொல்லுங்கள். கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாமல் எரிந்து விழுவது, பேச்சு குழறுவது, சும்மா வெறித்துப் பார்ப்பது, இதெல்லாம் சுகர் இறங்கும் அறிகுறி. மீட்டர் இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸ் பொடியையோ தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். சாக்லேட் உதவாது, அதில் இருக்கும் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற விடும். கால் மணி நேரம் கழித்தும் 70க்குக் கீழேயே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. தனியாக எங்கேயும் நடந்துபோக விடக்கூடாது, தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்றாலும் கூடப் போக வேண்டும். மயங்கி விழுந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆசிரியரைக் கூப்பிட்டு, 108க்கு போன் செய்ய வேண்டும். குளுக்கோஸ் டப்பா பையின் எந்த அறையில் இருக்கிறது என்று அந்த நண்பன் தன் கையால் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

"எனக்கும் பாரு டா, எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்" என்று நண்பர்கள் விரலை நீட்டுவார்கள். ஆசைதான். ஆனால் குத்தும் ஊசியையோ கருவியையோ யாரோடும் பகிரக்கூடாது, ரத்தத்தின் வழியாக நோய்கள் பரவும். இதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாலு பேர் முன்னால் ஊசி போடக் கூச்சப்படும் பையன்களிடம் நான் டென்னிஸ் வீரர் அலெக்சாண்டர் ஸ்வெரேவைப் பற்றிச் சொல்வேன். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அவருக்கு டைப் 1 வந்துவிட்டது. ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். 2023இல் பிரெஞ்சு ஓபனில், ஆட்டத்துக்கு நடுவே மைதானத்தில் ஊசி போட்டுக்கொள்வது பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை வெளிப்படையாகப் பேசினார், பிறகு அங்கேயே போட்டுக்கொள்ள விட்டார்கள். இன்சுலின் ஊசி முதன்முதலில் போடப்பட்டதும் ஒரு பதினாலு வயதுப் பையனுக்குத்தான். 1922 ஜனவரியில், டொரன்டோவில், லெனார்ட் தாம்சன் என்ற பையனுக்கு. இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் வகுப்பறையிலேயே சுகர் பார்க்கவும், ஊசி போடவும், இடையில் தின்பண்டம் சாப்பிடவும் அனுமதி கேட்டு எழுத்தில் கொடுத்துவிடுங்கள். டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்துக்கொள்ளுங்கள். தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2023இல் இதையெல்லாம் அனுமதிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. சிபிஎஸ்இ 2017 முதலே பொதுத்தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் கொண்டுபோக விடுகிறது. தலைமை ஆசிரியர் தயங்கினால் இவற்றைச் சொல்லுங்கள்.

கடையில் சாப்பிடுவது, டூர் போவது

நண்பர்கள் என்றால் சாப்பாடு இல்லாமல் முடியாது, அதுவும் எங்கள் ஊரில். "நீ மட்டும் சாப்பிடாதே" என்று அனுப்பினால் ஒன்று பிள்ளை போகாது, இல்லை ஒளித்துச் சாப்பிடும், ஊசி போடாது. போய்ச் சாப்பிட்டு, கணக்குப் போட்டு ஊசி போடுவதுதான் பாதுகாப்பு. ஜிகர்தண்டா என்றால் பால், சர்பத், ஐஸ்கிரீம் மூன்றிலும் சர்க்கரை; வேகமாக ஏறும். முதலில் சுகர் பார்த்துவிட்டு, ஊசி போட்டு, ஒரு கிளாஸை இரண்டு பேராகக் குடிக்கலாம். பரோட்டாவில் பிரச்சினை வேறு. எண்ணெய் அதிகம் என்பதால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எண் நன்றாகத்தான் இருக்கும்; நடுராத்திரியில் ஏறி நிற்கும். அன்று படுக்கும் முன்பும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஊசியை எப்படிப் பிரித்துப் போடுவது என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

நாள் முழுக்கக் கிரிக்கெட் ஆடிவிட்டு வந்தால் இதற்கு நேர்மாறு. ஆடும்போது இறங்காவிட்டாலும் அன்று இரவு தூக்கத்தில் இறங்கலாம். நண்பன் வீட்டில் தங்கும் நாளில் இதை அந்த வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணும் கொடைக்கானல் டூருக்குத்தான் அனுமதி கேட்டாள். உட்கார்ந்து திட்டம் போட்டோம். இன்சுலின், ஊசி, ஸ்டிரிப் எல்லாம் இரண்டு செட், ஒன்று அவள் தோள்பையில், ஒன்று தோழியின் பையில். பஸ் மேல் கேரியரிலோ, வெயிலில் நிற்கும் பஸ்ஸுக்குள்ளோ இன்சுலினை வைக்கவே கூடாது. அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் இன்சுலினும் கூடவே இறங்க வேண்டும். இதெல்லாம் சுலபம். பலர் யோசிக்காதது மலைப்பாதை வாந்தி. வத்தலக்குண்டில் ஊசி போட்டு நன்றாக டிபன் சாப்பிட்டுவிட்டு, காட்ரோடு தாண்டி வளைவில் அத்தனையையும் வாந்தி எடுத்தால், இன்சுலின் உள்ளே இருக்கும், சாப்பாடு இருக்காது. சுகர் மளமளவென்று இறங்கும். பஸ் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு வாந்தி மாத்திரை பற்றியும், அன்று காலை ஊசியைச் சாப்பிட்டு முடித்த பின் போடலாமா, குறைத்துப் போடலாமா என்பது பற்றியும் டாக்டரிடம் முன்பே கேளுங்கள். முன் சீட்டில் உட்காரட்டும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே சுகர் பார்த்து, குளுக்கோஸ் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். ஏரியைச் சுற்றி நடப்பதும் சைக்கிள் மிதிப்பதும் சுகரை இறக்கும், எனவே அதற்கு முன் ஏதாவது கொறிக்க வேண்டும். அவள் போய்வந்தாள். தோழியின் பையில் இருந்த செட்டுக்கு வேலை வரவில்லை. ஆனால் அந்தத் தோழி நாள் முழுக்க அந்தப் பையைத் தோளை விட்டு இறக்கவே இல்லையாம்.

தன்னைப் போல் ஒருவர்

எத்தனை நல்ல நண்பர்கள் இருந்தாலும், ஊசி போடும் இன்னொரு பிள்ளையைப் பார்ப்பது வேறு. நவம்பர் 14 நமக்குக் குழந்தைகள் தினம். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிரெடெரிக் பான்டிங்கின் பிறந்தநாளும் அதுதான் என்பதால் உலக நீரிழிவு தினமும் அன்றே. அதை ஒட்டிப் பல மருத்துவமனைகளில் டைப் 1 பிள்ளைகளின் சந்திப்பு நடக்கும். கூட்டிப்போங்கள். பெரியவர்கள் சொற்பொழிவு முக்கியமில்லை. மதிய ஊசி நேரத்தில் ஒரே வரிசையில் உட்கார்ந்து எல்லோரும் சட்டையைத் தூக்குவார்கள் பாருங்கள், அதற்காகப் போக வேண்டும். பிள்ளைகள் போன் நம்பர் மாற்றிக்கொண்டால் மாற்றிக்கொள்ளட்டும். மூத்த பிள்ளை சொல்வதைக் கேட்பது போல் நம் பேச்சைக் கேட்க மாட்டார்கள்.

பதினாறு, பதினேழு ஆனதும்

வண்டி ஓட்டத் தொடங்கும் பிள்ளை, சாவியைத் தொடும் முன் சுகர் பார்க்க வேண்டும். மதுவைப் பற்றியும் பேசிவிடுங்கள், அந்தப் பேச்சை எடுத்தாலே தப்பு என்று நினைக்காதீர்கள். மது உள்ளே போனால் கல்லீரல் சர்க்கரை வெளியிடுவதைக் குறைத்துவிடும். பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடச் சுகர் இறங்கும். பார்ப்பவர்கள் போதை என்று விட்டுவிடுவார்கள். இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டால் பிள்ளை யோசிக்கும். வெறும் மிரட்டலுக்கு அந்த வயதில் மதிப்பில்லை.

கல்லூரி விடுதிக்குப் போகும் முன் கடைசி ஆறு மாதத்தை ஒத்திகையாக வையுங்கள். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் பிள்ளையே போட வேண்டும், மருந்து தீரும் முன் பிள்ளையே வாங்க வேண்டும், நீங்கள் நினைவுபடுத்தக் கூடாது. ஒருமுறை ஸ்டிரிப் தீர்ந்துபோய்த் தவிக்கட்டும், அது வீட்டில் இருக்கும்போதே நடந்துவிடுவது நல்லது. இன்சுலினுக்கு மட்டும் உங்களிடம் ஒரு பாட்டில் கூடுதலாக இருக்கட்டும், அதைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தைகள் டாக்டரிடமிருந்து பெரியவர்களுக்கான டாக்டரிடம் மாறுவதாக இருந்தால், முதல் முறை நீங்களும் கூடப் போய்ப் பழைய கோப்பைக் கொடுத்துவிட்டு வாருங்கள். விடுதியில் சேர்க்கும் அன்று வார்டனிடம் ஃபிரிட்ஜில் இடம் கேளுங்கள். இல்லையென்றால் மண்பானையில் தண்ணீர் வைத்து, அதற்குள் மூடியுள்ள டப்பாவில் இன்சுலினை நனையாமல் வைக்கலாம். அறைத் தோழர்களிடம் சொல்லும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். அதற்குள் அந்த வாசகம் அவர்களுக்குப் பழகியிருக்கும்.